எட்டு ஜிபி கல்யாணம்

கலீல் ரஹ்மான் கை வைத்து ஓடாத படகு இன்ஜின் கட்டுமாவடியில் கிடையாது என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே கலீல் ரஹ்மான்தான் என்றாலும், நாற்பது வருஷமாக யாரும் அதை மறுக்கவில்லை. நடுக்கடலில் நின்றுபோன இன்ஜினின் இருமலைக் கரையிலிருந்து செல்போனில் கேட்டுவிட்டு, "ரெண்டாவது நாசிலக் கழட்டி ஊதுடா, தூசி அடைச்சிருக்கு" என்பார். ஊதினால் ஓடும். ஒருமுறை அப்படி ஊதியபோது உள்ளேயிருந்து உயிரோடு ஒரு நண்டு இறங்கி நடந்துபோனது என்று அவர் சொல்வதை மட்டும் ஊர் பாதிதான் நம்பியது.

அப்பேர்ப்பட்ட மனிதர், கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, தன் வீட்டு நடுக்கூடத்தில் ஒரு லேப்டாப்புக்கு முன்னால் அதைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே நாலாவது நாளாக மழை. மழை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அதற்கு மரியாதைக் குறைவு. கடல் எங்கே முடிகிறது, தெரு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வாசற்படி ஏறி வந்த நண்டு ஒன்று, ஈரமில்லாத இடம் தேடி அரிசி மூட்டைக்கு அடியில் குடிபோயிருந்தது. கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வந்துவிட்டதால் படகுகள் எல்லாம் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. மீன் ஏலமும் இல்லை. ஏலம் கூவுகிறவர்களின் தொண்டைக்கு நாலு நாள் விடுமுறை கிடைத்ததில் ஊருக்கே காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வீடு சோற்றுக்குக் கருவாட்டு ஆணம். சபுரா பீவியும் அன்றைக்கு நெத்திலிக் கருவாடு போட்டுத்தான் கொதிக்கவிட்டிருந்தாள். அவள் கலீல் ரஹ்மானின் மனைவி. ஆணம் கொதிக்கிற வாசனை வந்தும் கலீல் ரஹ்மானுக்குப் பசிக்கவில்லை என்றால், விஷயம் அவ்வளவு பெரியது.

விஷயம் இதுதான். அவர்கள் மகன் ரியாசுதீன் எட்டு வருஷமாகக் கத்தாரில் ஸ்டோர் கீப்பர். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவில் வருவான். அவன் மகள் ஷிஃபாவுக்கு ஆறு வயது. ஷிஃபாவைப் பொறுத்தவரை அத்தா என்பவர் ஆறு அங்குல உயரம். சார்ஜ் தீர்ந்தால் மறைந்துவிடுவார். மாசக் கடைசிக்குள் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். ரியாசுதீனின் மனைவி ஹமீதா பானு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். சென்னைக் கம்பெனி. வேலை கிடைத்துவிட்டால் ரியாசுதீன் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்து, அத்தாவின் பட்டறையைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கான பரீட்சை அன்றைக்குச் சனிக்கிழமை மூன்று மணிக்கு, லேப்டாப்பில். போனில் எழுத முடியாது.

லேப்டாப்போ மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் இடி இடித்ததில் நீல நிறமாகி நின்றுவிட்டது. ரியாசுதீனோடு வேலை செய்கிற கம்ப்யூட்டர்காரர் வீடியோ காலில் அதன் முகத்தைப் பார்த்து, "உடம்புக்கு ஒண்ணுமில்ல, விண்டோஸ்தான் போயிருச்சு, புதுசா ஏத்தணும்" என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் ஒரு சிடியிலும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சிடி வந்த கதையைத் தனியாக எழுத வேண்டும். அரபு நாட்டிலிருந்து லீவில் வருகிறவர் தன் சாமானோடு பத்து வீட்டுச் சாமானையும் தூக்கி வருவது இந்தக் கடற்கரையில் எழுதாத சட்டம். தைலம், பால் பவுடர், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் அந்தந்த வீட்டில் சேர்க்க வேண்டும். சேர்க்கிற வீட்டில் ஒரு வாய் பசியாறாமல் எழுந்திருக்கக்கூடாது என்பது அதே சட்டத்தின் அடுத்த பிரிவு. சிடியைக் கொண்டுவந்த கோட்டைப்பட்டினத்துக்காரர் பத்து வீட்டில் பசியாறி, வயிறு கெட்டு, மூன்று நாள் படுத்து, எழுந்து, மழையில் ஒதுங்கி ஒதுங்கிப் பதினோராவது வீடாக இவர்கள் வீட்டுக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது. ரெண்டு கைலிக்கு நடுவிலிருந்து சிடியை எடுத்து, மாப்பிள்ளையைக் காரிலிருந்து இறக்குவதுபோல் இறக்கினார். இறக்கிவிட்டு இங்கேயும் பசியாறினார்.

ஹமீதா பானு சிடியைத் துணியால் துடைத்தாள். லேப்டாப்பின் விலாவில் இருந்த பொத்தானை அமுக்கினாள். உள்ளே ஏதோ முனகியது. சிடித் தட்டு வெளியே வரவில்லை. இன்னொரு முறை அமுக்கினாள். இன்னொரு முனகல்.

"என்னம்மா, வாயத் தொறக்க மாட்டேங்குதா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் சபுரா பீவி.

"சிக்கிருச்சு மாமி."

"உப்புக் காத்து. இரும்புக் கட்டிலே அரிச்சுப் போச்சு. இது எம்மாத்திரம்."

"அதேதான்," என்றார் கலீல் ரஹ்மான், தேவைக்கு மேல் வேகமாக. "உப்புக் காத்துதான். ஆண்டவன் குடுத்த காத்து. ஒருத்தரையும் குத்தம் சொல்ல முடியாது."

குற்றம் சொல்ல முடிகிற ஒருத்தர் அந்தக் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாலு மாதத்துக்கு முன்பு ஹமீதா தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயம், பழைய பாட்டுச் சிடி ஒன்று பட்டறையில் அகப்பட்டது என்று கலீல் ரஹ்மான் தானே லேப்டாப்பைத் திறந்தார். தட்டு வெளியே வரும்போது கிறீச்சென்றது. கிறீச்சிடுகிற ஒன்றைச் சும்மா விடும் வழக்கம் அவர் கைக்கு இல்லை. ஊசி போடுகிற சிரிஞ்சில் நாற்பதாம் நம்பர் இன்ஜின் ஆயிலை உறிஞ்சி, நாலு சொட்டு விட்டார். போதாது என்று பட்டது. இன்னும் நாற்பது சொட்டு விட்டார். உள்ளே கண்ணாடி மாதிரி மினுங்கிய ஒன்றில் ஆயில் தெறிக்கவே, நாசிலைக் கழுவுவதுபோல் டீசலில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். சத்தம் நின்றது. அன்றைக்கு மூடிய தட்டு அதன் பிறகு வெளியே வரவில்லை. பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் யார் சிடி போடப்போகிறார்கள் என்று தைரியமாக இருந்தார். கத்தாரிலிருந்து ஒருத்தர் சிடியைச் சுமந்துகொண்டு வருவார் என்று எந்த மெக்கானிக் எதிர்பார்ப்பான்?

ஹமீதா, தட்டுக்குக் கீழே இருந்த குண்டூசி ஓட்டையைக் கண்டுபிடித்து ஊக்கை நுழைத்துக் குத்தினாள். தட்டு பாதி வந்து, அதற்கு மேல் நகரவில்லை. கூடவே ஒரு வாடையும் வந்தது.

"ஏங்க, படகு வாடை அடிக்குது," என்றாள் சபுரா பீவி.

"நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்ல. நாப்பது வருசத்து வாடை, குளிச்சாப் போயிருமா?"

ஹமீதா ஊக்கின் கறுத்த நுனியைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள். மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை அது. ஒன்றும் சொல்லாமல் ஊக்கைப் பழைய பேப்பரில் துடைத்துவிட்டு, போனை எடுத்தாள்.

மணமேல்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிரகதீஸ்வரி அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஸ்பீக்கரில் அவள் குரல் மழையை விடச் சத்தமாக விழுந்தது.

"எரும, பரீட்சய மூணு மணிக்கு வச்சுக்கிட்டு ஒம்போது மணிக்குச் சொல்ற."

"சிடி நேத்துத்தான்டி வந்துச்சு."

"சிடிய எடுத்து வாசல்ல கட்டு, காக்கா வராது. எங்கிட்ட விண்டோஸ் இருக்கு. எட்டு ஜிபி பென்டிரைவ் ஒண்ணும் லேப்டாப்பும் குடுத்துவிடு. பென்டிரைவ்ல ஏத்தி, அதுலருந்து லேப்டாப்புக்குள்ள எறக்கிரலாம். சிடிக் கதவே வேணாம்."

"ஒங்கடையில பென்டிரைவ் இல்லையா?"

"இருந்தா நான் கேப்பனா? மொபைல் கடைக்கெல்லாம் ஷட்டர் பாதிக்குத் தண்ணி. ஒருத்தனும் தொறக்கல. அப்பறம் ஒண்ணு. பென்டிரைவ்ல ஏற்கெனவே என்ன இருந்தாலும் சுத்தமா அழிஞ்சிரும். காப்பி பண்ணி வைய்யின்னு சொல்லாத, என் கம்ப்யூட்டர்ல இடமில்ல. ஊர்ச்சனம் பூராத்துக்கும் ஆதார் அதுக்குள்ளதான் கெடக்கு."

போன் ஓய்ந்தது. கூடத்தில் மாமனாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டுமாவடியில் பென்டிரைவ் என்றால் கல்யாணம். வேறு எதற்கும் யாரும் பென்டிரைவ் வாங்கியதில்லை. கல்யாண வீடியோவைச் சிடியில் கொடுப்பதை விட்டுவிட்டுப் பென்டிரைவில் போட்டுச் சின்ன வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கு ஒன்று பீரோவுக்குள் நகையோடு நகையாக இருக்கும். இந்த வீட்டில் இருந்தது ரியாசுதீன் - ஹமீதா பானு கல்யாணம்.

"அத அழிச்சுரலாம் மாமா," என்றாள் ஹமீதா.

உப்பைக் குறைத்துப் போடலாம் என்பதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். கலீல் ரஹ்மானுக்கே தூக்கிவாரிப் போட்டது. சபுரா பீவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்ன சொன்ன? எதை அழிக்கிறது?"

"வேற வழி இல்ல மாமி."

"எம்மவன் கல்யாணத்த அழிச்சுத்தான் ஒனக்குப் பரீட்சையா? அம்மாபட்டினத்துல எந்தங்கச்சி வீட்டு டிவில போட்டு நாலு தடவ பாத்திருக்கேன். நாலு தடவயும் அழுதுருக்கேன். மூணேகால் மணி நேரம் ஓடும். எங்க பெரியண்ணன் அதுல ரெண்டாம் பந்தியில உக்காந்து சாப்புடுறாரு. மவுத்தாகி அஞ்சு வருசமாச்சு, அதுல இன்னமும் நல்லி எலும்ப உறிஞ்சிக்கிட்டு இருக்காரு. அவரப் போயி அழிப்பியா?"

இந்த நேரம் பார்த்துக் கத்தாரிலிருந்து ரியாசுதீன் கூப்பிட்டான். வேலைக்கு நடுவில் டீ குடிக்க விட்ட பத்து நிமிஷம். அவனிடமும் வழக்கு போனது.

"ஆமாம்மா, நானும் பாத்தேன்ல, அருமையா எடுத்திருந்தான்," என்றான், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆனா பரீட்சையும் முக்கியம்ல."

"நீ ரெண்டு பக்கமும் பேசாத."

"வேற யார் வீட்டுலயாவது கேளுங்களேன்."

"யார்றா தருவா? ஏங்க, ஒங்க கல்யாணத்தக் குடுங்க, அழிச்சிட்டுத் தர்றோம்னு எந்த வாசல்ல போயி நிக்கிறது?"

சபுரா பீவி தரையில் உட்கார்ந்தாள். படத்தை முதலிலிருந்து வாயாலேயே ஓட்ட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை குதிரையில் வந்தது, குதிரை மாலையைத் தின்றது, பெண் வீட்டார் வரிசையில் எண்பத்திரண்டு தட்டு. பிறகு கலீல் ரஹ்மானைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கென்ன, அழிஞ்சாத் தேவலைன்னுதான் இருக்கும். நிக்காஹ் நேரத்துல ஹஜரத்து, மாப்பிள்ளயோட அத்தா எங்கன்னு கேக்குறாரு. கேமராக்காரன் அப்பிடியே திருப்புறான். ஜெனரேட்டருக்கு அடியிலருந்து ரெண்டு காலு மட்டும் நீட்டிக்கிட்டுத் தெரியுது. வெள்ள வேட்டி பூரா டீசல்."

எட்டு வருஷமாக இந்த இடம் வரும்போதெல்லாம் கலீல் ரஹ்மான் தலையைக் குனிந்துகொள்வார். கல்யாணத்தன்றைக்குக் கரண்ட் போய், மண்டபத்து ஜெனரேட்டரும் மக்கர் பண்ண, அவர் அடியில் புகுந்தது உண்மை. வெளியே வந்தபோது மகன் கல்யாணமானவனாக நின்றான். அதை அவர் பார்க்கவில்லை. பார்க்காதவரின் காலை மட்டும் பார்த்துச் சிரிக்க ஒரு படம் பீரோவுக்குள் இருந்தது.

ஆனால் இன்றைக்கு அவர் தலையைக் குனியவில்லை. நாற்பத்து நாலு சொட்டு ஆயில் அவர் நெஞ்சில் நின்றது.

"ஏ சபுரா," என்றார். "பீரோவுல இருக்கற மவன் வேணுமா, வீட்டுல இருக்கற மவன் வேணுமா? ஒண்ணச் சொல்லு."

சபுரா பீவி கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"அண்ணன் எலும்ப உறிஞ்சி முடிக்கட்டும்னு ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அழிக்கச் சொல்லுங்க."

லேப்டாப்பை நனையாமல் கொண்டுபோவதற்கு அவர் தேடிப்பிடித்தது மீனுக்கு ஐஸ் போடுகிற தெர்மாகோல் பெட்டி. சாக்கு விரித்து, லேப்டாப்பைக் கிடத்தி, மூடி போட்டு, டேப் ஒட்டி, டிவிஎஸ் வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டினார். மணமேல்குடி வரைக்கும் சாலையில் வண்டி ஓடியதை விட மிதந்ததுதான் அதிகம் என்பது அவர் பின்னால் சொன்ன கணக்கு. நாலு நாளாக மீனைக் கண்ணில் பார்க்காத ஊர்க்காரர்கள், பெட்டியைப் பார்த்ததும் கடைச் சாய்ப்புகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாய், என்ன மீனு?"

"ஒரே மீனுதான். வாயத் தொறக்காத மீனு."

ஒருவன் குடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடியே வந்தான். பாதி விலைக்கு வராதா என்கிற ஆசை.

பிரகதீஸ்வரி பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கடைக்குள் வந்த தண்ணீரை முறத்தால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பென்டிரைவை வாங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"தாயி, அழிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ ஓட்டிரணும். வீட்டுல சொல்லியிருக்கு. ரெண்டாம் பந்தி மட்டும் போதும்."

"எதை ஓட்டுறது பாய்? இதுல ஒண்ணுமே இல்லையே."

"அதுக்குள்ள அழிச்சிட்டியா?"

"நான் எங்க அழிச்சேன்? காலியா இருக்கு. எதையும் போட்ட மாதிரியே தெரியல. புதுசு மாதிரி இருக்கு. யார் குடுத்தது இத?"

"அறந்தாங்கிக் கேமராக்காரன். இப்ப மலேசியாவுல இருக்கான்."

"போறதுக்கு முன்னாடி வெறும் பொட்டியக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

கலீல் ரஹ்மான் நனைந்த தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். குதிரை இல்லை. எண்பத்திரண்டு தட்டு இல்லை. பெரிய மச்சான் எலும்பை உறிஞ்சவில்லை. நாலு தடவை பார்த்து நாலு தடவையும் அழுத சபுரா எதைப் பார்த்து அழுதாள்? அருமையாக எடுத்திருந்தான் என்று மகன் எதைச் சொன்னான்? மூளையில் இதெல்லாம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஒன்று முன்னால் வந்தது.

"அப்ப காலும் இல்லையா?"

"என்ன காலு?"

"ஒண்ணுமில்ல தாயி. நீ ஏத்து."

பென்டிரைவில் ஏற்றி முடிக்க அரைமணி நேரம். அதை லேப்டாப்பில் செருகினாள். பாட்டரி எப்போதோ செத்துவிட்டதால் லேப்டாப் வயரில்தான் உயிர் வாழ்ந்தது. கடை யுபிஎஸ்ஸில் மாட்டினாள். பொத்தானைத் தட்டியதும், திரை வருவதற்குள் சரியான நொடியில் ஒரு விசையை அமுக்க வேண்டும், அப்போதுதான் சிடியைத் தேடாமல் பென்டிரைவைப் பார்க்கும் என்றாள். அமுக்கினாள். நீலத் திரை. அணைத்துப் போட்டு மறுபடி அமுக்கினாள். நீலம்.

"திரை லேட்டா முழிக்குது பாய். எப்ப அமுக்குறதுன்னே பிடிபடல."

"கொஞ்சம் தள்ளு."

கைசுற்றி இன்ஜினைக் கிளப்பினவர்களுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் ஒரு மூச்சு இழுக்கும். அந்த மூச்சில் லிவரைப் போட வேண்டும். முன்னால் போட்டால் கையை உடைக்கும், பின்னால் போட்டால் செத்துவிடும். கலீல் ரஹ்மான் கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பின் மேல் காதை வைத்தார். பிரகதீஸ்வரி பொத்தானைத் தட்டினாள். உள்ளே சின்ன ஃபேன் சுற்றியது, தயங்கியது, மூச்சு இழுத்தது. "பிஸ்மில்லா" என்று விசையில் விரலைப் போட்டார்.

திரையில் பட்டியல் வந்தது, அதில் பென்டிரைவும் இருந்தது. பிரகதீஸ்வரி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நீங்க நாளையிலருந்து கடைக்கு வந்துருங்க பாய்."

விண்டோஸ் ஏற ஆரம்பித்தது. பத்து சதம், இருபது சதம். டீக்கடையிலிருந்து டீயும் வடையும் வந்தன. அறுபத்து மூன்று சதத்தில் ஊருக்கே கரண்ட் போனது. யுபிஎஸ் கோழிக்குஞ்சு மாதிரி கத்தத் தொடங்கியது.

"பன்னெண்டு நிமிசம் தாங்கும்," என்றாள் பிரகதீஸ்வரி. "பாதியில நின்னா முதல்லருந்து ஏத்தணும். கரண்டு எப்ப வரும்னு ஈபிக்காரனுக்கே தெரியாது."

"பக்கத்துல ஜெனரேட்டர் இருக்கா?"

"டீக்கடையில இருக்கு. கஜா புயலப்ப ஓடுனது, அதோட சரி. அதுக்கு மேலதான் இப்ப வடைத்தட்டு வைக்கிறாரு."

வடைத்தட்டு இறங்கியது. கலீல் ரஹ்மான் ஜெனரேட்டருக்கு அடியில் மல்லாந்து புகுந்தார். தெருவில் ஓடிய மழைத் தண்ணீர் அவர் முதுகின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. டீசல் குழாயைப் பல்லால் கழற்றி, ஊதி, துப்பி, மறுபடி ஊதினார். டீக்கடைக்காரர் டார்ச் அடித்தார்.

"அஞ்சு நிமிசம் போச்சு பாய்," என்று கடையிலிருந்து பிரகதீஸ்வரி கத்தினாள். "அறுவத்தி மூணுலயே நிக்குது."

"நிக்கட்டும். ஓடிறாமப் பாத்துக்க."

"ஒம்போது."

பதினோராவது நிமிஷம் ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மி, கடைக்குள் கறுப்புப் புகையைக் கக்கி, பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி ஓடத் தொடங்கியது. டீக்கடைக்காரர் சாட்சியாகச் சொல்கிறார், புகை ஒதுங்கியபோது வெளியே தெரிந்தது ரெண்டு கால் மட்டும்தான் என்று. வேட்டி பூரா டீசல். கலீல் ரஹ்மான் அடியில் கிடந்தபடியே கேட்டார்.

"எத்தனை?"

"அறுவத்தி நாலு பாய்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மகனுக்கு நிக்காஹ் ஓதி முடித்ததாக அன்றைக்கு யாரும் இப்படி வந்து சொல்லவில்லை.

ரெண்டு மணிக்கு ஐஸ் பெட்டி கட்டுமாவடி திரும்பியது. நல்லவேளையாக இங்கே கரண்ட் இருந்தது, ரெண்டே முக்காலுக்குப் பரீட்சைத் திரை வந்தது. எழுதுகிற அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்றது. மாமியாரும் மகளும் வெளியே போனார்கள். அரிசி மூட்டைக்கு அடியில் இருந்த நண்டு மட்டும் விதியை மீறி உள்ளேயே இருந்தது. நெட்டுக்குப் போன் வேண்டும். அந்த மழையில் போனுக்குச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் வெளியே ஜன்னல் சாய்ப்புக்கு அடியில். கலீல் ரஹ்மான் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, கேமராவுக்குத் தலை தெரியாமல் குனிந்து, போனை ஒரு பாலிதீன் பைக்குள் வைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றார். அப்போது பிடித்துக்கொண்ட தோள்பட்டை இன்னும் விடவில்லை என்று இன்றைக்கும் தைலம் தேய்க்கச் சொல்கிறார்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. படகுகள் கடலுக்குப் போய்த் திரும்பி, ஏலக் குரல்கள் பழையபடி தெருவைக் கிழித்துக்கொண்டிருந்தபோது ஹமீதாவுக்கு மெயில் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. ரியாசுதீன் போனில், "கையெழுத்துப் போடலத்தா. டிக்கெட் பாக்குறேன்" என்றான். ஷிஃபா போனைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "முழுசாவா?" என்று கேட்டாள்.

சபுரா பீவி இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தாள். அடுப்படியில் கலீல் ரஹ்மான் தட்டோடு நின்றபோது, ஹமீதா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, சிடித் தட்டுல ஊத்துனது எந்த ஆயிலு?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"நாப்பதாம் நம்பரு," என்றார். "எப்பத் தெரியும்?"

"நாலு மாசமாத் தெரியும். பையத் தொறந்தாலே படகுக்குள்ள ஏறுன மாதிரி இருந்துச்சு. தட்டுதான் வராதுன்னு தெரியாது."

கலீல் ரஹ்மான் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். அந்தப் பென்டிரைவ்ல…"

"ஒண்ணுமே இல்ல. கல்யாணமாகி ரெண்டாவது வாரமே போட்டுப் பாத்தேன் மாமா. சொல்லலாம்னு வெளிய வர்றேன், மாமி வாசல்ல நாலு பேரக் கூட்டி வச்சுப் படத்தப் பாதி ஓட்டிட்டாங்க. குதிரை மாலையைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. புதுப்பொண்ணு, நான் எப்பிடி வாயத் தொறக்குறது?"

"ரியாசுக்கு?"

"அவரு எனக்கு முன்னாடியே பாத்துட்டாரு."

வாசலில் இப்போதும் நாலு பேர் இருந்தார்கள். வட்டிலப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு சபுரா பீவி, அழிந்துபோன படத்தைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். இனிமேல் யாரும் போட்டுப் பார்க்க முடியாது என்றானதும் படம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. குதிரை ரெண்டானது. தட்டு நூற்றைம்பதைத் தாண்டியது. அண்ணன் மூன்றாம் பந்திக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். ஓட்டம் மூணேகாலிலிருந்து நாலரை மணி நேரத்துக்கு வந்துவிட்டது.

"நிக்காஹ் நேரத்துல," என்று சபுரா பீவி ஆரம்பித்தாள்.

கலீல் ரஹ்மான் அடுப்படியிலிருந்து வாசல் நிலைக்கு வந்தார்.

"நிக்காஹ் நேரத்துல மாப்பிள்ளயோட அத்தா எங்கன்னு ஹஜரத்து கேக்குறாரு. கேமராக்காரன் அப்பிடியே திருப்புறான். இவுங்க மேடையில மவனுக்குப் பக்கத்துல நிக்கிறாங்க. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, ஒரு பொட்டு அழுக்கு இருக்கணுமே. கண்ணு கலங்கிப்போயி நிக்கிறாங்க. அந்த எடத்துலதான் நான் ஒவ்வொரு தடவையும் அழுவேன்." திரும்பி அவரைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. நின்னீங்களா இல்லையா?"

நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். அடுப்படியில் ஹமீதாவின் கையிலிருந்த பாத்திரம் சத்தம் போடாமல் நின்றது.

"நின்னேன்," என்றார் கலீல் ரஹ்மான். "அத்தர்கூடப் பூசியிருந்தேன்."

வந்திருந்தவர்களில் ஒருத்தி, அந்த வாசனை தனக்கு இன்னும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னாள்.